நிறுத்தி வைத்த பிக்கப்பில் பேட்டரி இறங்குகிறது: ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தும் கசிவு பிடிபடவில்லை

நெடுவழி எழுதியது:

வணக்கம். பழைய உரிமையாளர் ஒருவரிடமிருந்து அண்மையில் வாங்கிய டீசல் பிக்கப் ஒன்று என்னிடம் உள்ளது. நாள்தோறும் ஓட்டும்வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. நான்கைந்து நாட்கள் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஒரு வாரம் கடந்துவிட்டால் டிக் டிக் என்ற ஓசை மட்டுமே கேட்கிறது. பேட்டரி 80 ஆம்பியர்-மணித் திறன் கொண்டது, புதியது. எஞ்சின் ஓடும்போது முனைகளில் 14.2 வோல்ட் காட்டுவதால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்றே கருதுகிறேன். ஆகவே வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தேன். முதலில் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. சிறிது நேரத்தில் 0.9 ஆகி, பின்னர் 0.4 அருகில் வந்தது. அந்த நிலையில் கேபினில் உள்ள பெட்டியிலும் பானட்டின் கீழுள்ள பெட்டியிலும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சிலவற்றைப் பிடுங்கும்போது அளவு சற்றே குறைகிறது. ஆனால் திரும்பச் செருகியவுடன் 2 ஆம்பியருக்குத் தாவுகிறது. முடிவில் எந்த மாற்றம் எந்த ஃபியூஸால் வந்தது என்று பிரித்தறியவே முடியவில்லை.

வண்டியில் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று பார்த்தால் ஒரு டாஷ் கேமரா, சரக்குத் தொட்டியில் இரண்டு விளக்குகள், டிரெய்லருக்கான பின்பக்கச் சாக்கெட் ஆகியவை உள்ளன. எல்லாம் பழைய உரிமையாளர் பொருத்தியவை.

நிற்கும் வண்டியில் எவ்வளவு மின்னோட்டம் இயல்பானது? ஃபியூஸைப் பிடுங்கிச் செருகும்போது இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? ஃபியூஸ் பெட்டிகளுக்கு அகப்படாத கசிவு என்று ஒன்று இருக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்னிழை எழுதியது:

வணக்கம் நெடுவழி. கசிவு இருக்கிறது என்ற உங்கள் முடிவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பார்த்த 3 ஆம்பியரும் 0.9 ஆம்பியரும் கசிவு அல்ல. அவை விழித்திருக்கும் கணினிப் பெட்டிகள் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம். இக்காலத்து வண்டிகளில் கதவு, ஆடியோ, சாவி உணரி, எஞ்சின் கட்டுப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனி மாட்யூல் உள்ளது. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் அவை ஒரே சமயத்தில் அடங்குவதில்லை. அவற்றில் சில, பத்து நிமிடங்களில் உறங்கும். சில முழுமையாக அடங்க ஒரு மணி நேரம்வரை ஆகலாம். பேட்டரியைத் துண்டித்து மீண்டும் இணைத்தாலோ, ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினாலோ, அந்த மாட்யூல் புதிதாக விழித்தெழுந்து, தன்னோடு தொடர்புள்ள மற்றவற்றையும் எழுப்பிவிடும். நீங்கள் கண்ட தாவல் இதுதான். உறங்கும்வரை காத்திராமல் எடுக்கும் எந்த அளவையும் நம்பக் கூடாது என்பதைத்தான் இந்த வேலையில் முதலில் மனத்தில் பதிக்க வேண்டும்.

எல்லாம் உறங்கிய பின் 20 முதல் 50 மில்லி ஆம்பியர்வரை இருப்பது பெரும்பாலான வண்டிகளில் இயல்பு. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, உங்கள் 80 ஆம்பியர்-மணி பேட்டரி அதைப் பல வாரங்கள் தாங்கும். 0.4 ஆம்பியரோ நாளொன்றுக்கு 9.6 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். நான்கைந்து நாட்களில் பேட்டரி பாதியாகும். ஒரு வாரத்தில் டீசல் எஞ்சினைச் சுற்றும் வலு அதில் இருக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகின்றன.

சோதனைக்கு வண்டியைத் தயார்செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டிய கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் தாழ்ப் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அப்போதுதான் கதவு மூடியிருப்பதாக வண்டி எண்ணும். பானட்டிலும் அத்தகைய சுவிட்ச் இருந்தால் அதையும் அவ்வாறே செய்யுங்கள். சாவி தானே தொடர்பு கொள்ளும் வகையாக இருந்தால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்க வேண்டாம், தொலைவில் வைத்துவிடுங்கள். பிறகு பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் இருங்கள்.

மீட்டரை இணைக்கும்போது மின்தொடர்பு ஒரு கணமும் அறுபடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதலில் ஒரு ஜம்பர் கம்பியால் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் நெகட்டிவ் கேபிளின் பிடியையும் இணைத்துவிட்டு, அதன் பிறகே பிடியைக் கழற்றுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் அந்த ஜம்பருக்கு இணையாகப் பொருத்தி, மாட்யூல்கள் உறங்கிய பிறகு ஜம்பரை எடுத்தால் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியே செல்லும், எதுவும் விழிக்காது. மீட்டர் தொடரில் இருக்கும்போது இக்னிஷனைத் திருப்பவே கூடாது. டீசல் வண்டியில் எஞ்சினைத் தொடக்கத்தில் சூடேற்றும் குளோ பிளக்குகள் மட்டுமே பல பத்து ஆம்பியர் இழுக்கும். மீட்டரின் உள் ஃபியூஸ் உடனே எரிந்துவிடும். எரிந்தது தெரியாமல் போனால் மீட்டர் பூஜ்யம் காட்டும், கசிவே இல்லை என்று நம்பிவிடுவோம். அதனால் பூஜ்யம் வந்தால் மகிழ்வதற்கு முன் மீட்டரின் ஃபியூஸைச் சோதியுங்கள். மில்லி ஆம்பியர் துளையையும் இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு மாட்யூல் விழித்தாலே அந்தச் சிறிய ஃபியூஸ் போய்விடும்.

இனி முக்கியமான செய்தி: ஃபியூஸ்களைப் பிடுங்காமலே எதில் மின்னோட்டம் ஓடுகிறது என்று கண்டறியலாம். ஒவ்வொரு ஃபியூஸுக்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு. அதன் வழியே மின்சாரம் ஓடினால் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு எழும். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை மில்லி வோல்ட் அளவில் வைத்து இரு கூர்முனைகளால் அவற்றைத் தொட்டால் போதும். 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை ஏறக்குறைய 7.5 மில்லி ஓம் என்பதால், 0.1 மில்லி வோல்ட் காட்டினால் சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். 20 ஆம்பியர் ஃபியூஸுக்குத் தடை பாதிக்கும் குறைவு, 30 ஆம்பியருக்கு இன்னும் குறைவு. ஆகவே ஒரே 0.1 மில்லி வோல்ட் 20 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 30 மில்லி ஆம்பியரையும், 30 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 50 மில்லி ஆம்பியரையும் குறிக்கும். 0.1 மில்லி வோல்ட்வரை பிரித்துக் காட்டும் மீட்டர் இதற்குத் தேவை. கூர்முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொடவைத்து, மீட்டர் காட்டும் எஞ்சிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபியூஸில் பூஜ்யத்துக்கு மேல் தெளிவான அளவு வருகிறதோ அந்தச் சுற்றில் மட்டும் தேடினால் போதும். எந்த மாட்யூலையும் எழுப்பாமல், எல்லாம் உறங்கிக்கொண்டிருக்கும்போதே இந்த அளவை எடுத்துவிட முடிவதுதான் இம்முறையின் சிறப்பு. அதற்காகவே இதை வற்புறுத்துகிறேன்.

செம்புக்கம்பி எழுதியது:

மின்னிழை சொன்ன முறைக்கு உடன்படுகிறேன். ஆனால் அதற்கு முன் பேட்டரியை ஒருமுறை முழுமையாகச் சோதித்துவிடுங்கள். புதியது என்பதால் நல்லது என்று கொள்ள முடியாது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் மீண்டும் மீண்டும் கிடந்தால் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, திறன் நிரந்தரமாகக் குறையும். உங்கள் பேட்டரி ஏற்கெனவே சிலமுறை முழுக்க இறங்கியிருக்கிறது. குறுகிய ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அதை முழுமையாக நிரப்பவும் செய்யாது.

ஆகவே சார்ஜரில் முழுமையாக நிரப்பி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, ஓர் இரவு தனியே விடுங்கள். காலையில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 12.4 என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்பது பாதி. வண்டியோடு தொடர்பே இல்லாமல் பேட்டரி தானாகவே 12.3க்கு இறங்கினால் குறை பேட்டரிக்குள் இருக்கிறது. வண்டியில் தேடிப் பயனில்லை. இரண்டு பேட்டரிகள் இணையாகப் பூட்டிய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றில் ஒரு செல் பழுதானால் அது நல்ல பேட்டரியையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது எக்காலத்துக்கும் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன். மாட்யூல்கள் அதிகம் இல்லாத பழைய வண்டிகளில் அது இன்றும் விரைவான வழி. பிடுங்கியவுடன் அளவு விழுந்தால் இடம் தெரிந்துவிடும். உங்கள் வண்டி அந்தக் காலத்தது அல்ல என்பதுதான் வேறுபாடு.

தென்சரிவு எழுதியது:

உங்கள் மூன்றாம் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனெனில் பிக்கப் வண்டிகளில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆம், சிறிய ஃபியூஸ்களில் அகப்படாத கசிவு உண்டு.

முதலாவது ஆல்டர்னேட்டர். அதன் பின்புறமுள்ள தடித்த கேபிள், பெரிய ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ்போல் உருகிக் காக்கும் கம்பி) வழியாகவோ நேரடியாகவோ பேட்டரியின் பாசிட்டிவுக்குச் செல்கிறது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய உள் டயோடுகளில் ஒன்று பழுதானால் எஞ்சின் நிற்கும்போது மின்சாரம் பின்னோக்கிக் கசியும். எல்லாச் சிறிய ஃபியூஸ்களையும் பிடுங்கினாலும் இந்தக் கசிவு நிற்காது. அந்தப் பாதையில் உள்ள 100 ஆம்பியர் அளவிலான போல்ட் ஃபியூஸின் தடை மிக மிகக் குறைவு. மில்லி வோல்ட் முறையில் அதில் சிறு கசிவு தெளிவாகத் தெரியாது. 14.2 வோல்ட் வருகிறது என்பது டயோடுகள் நலம் என்பதற்குச் சான்றாகாது. ஒரு டயோடு கெட்ட நிலையிலும் அந்த அளவு வரக்கூடும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டை எட்டினால் டயோடு மீது ஐயம் கொள்ளலாம். உறுதிசெய்ய, நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, பின் ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளை எடுத்து அதன் நுனியை ரப்பர் சுற்றி மறைத்துவிட்டு, மறுபடியும் நெகட்டிவை இணைத்துக் கசிவை அளவிடுங்கள். நெகட்டிவைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். ஸ்பேனர் எஞ்சின் உடலில் பட்டால் பேட்டரியே நேரடியாகக் குறுக்கிணைந்துவிடும்.

இரண்டாவது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் நேரடியாக மாட்டிய கம்பிகள். வின்ச், கூடுதல் விளக்குகள், தொட்டியின் 12 வோல்ட் சாக்கெட், டிரெய்லருக்கான நிரந்தரச் சப்ளை ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் பொருத்துபவர்கள் அங்கிருந்துதான் கம்பி எடுப்பார்கள். ஃபியூஸை வழியில் எங்காவது தொங்கவிட்டிருப்பார்கள். டிசி மின்னோட்டத்தை 10 மில்லி ஆம்பியர்வரை பிரித்துக் காட்டும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால், பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியே அதன் தாடைக்குள் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தாடையை வெறுமையாக மூடி, அளவெடுக்கப் போகும் அதே இடத்தில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது.

அளவைப் பார்த்தே ஆளை ஓரளவு ஊகிக்கலாம். சாதாரண ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) சுருள் ஒன்று இழுபட்ட நிலையில் 0.12 முதல் 0.16 ஆம்பியர்வரை எடுக்கும். 5 வாட் பல்பு ஒன்று சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும். உங்கள் தொட்டி விளக்குகள் அணைந்தே இருக்கின்றனவா என்று இருட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

பேட்டரியை நிரப்பிக் கழற்றி வைத்ததில் மறுநாள் காலையில் 12.65 வோல்ட் நின்றது. கதவுத் தாழைத் தள்ளி, சாவியை வீட்டுக்குள் வைத்து, ஜம்பரோடு மீட்டரைப் பொருத்தி ஒரு மணி நேரம் காத்திருந்த பின் அளவு 0.34 ஆம்பியரில் அசையாமல் நின்றது. கேபின் பெட்டியில் இரண்டு 10 ஆம்பியர் ஃபியூஸ்களில் மட்டும் 0.1 மில்லி வோல்ட் வந்தது. மற்றவை அனைத்தும் பூஜ்யம். பானட்டின் கீழுள்ள பெட்டியிலும் சிறிய ஃபியூஸ் எதிலும் ஒன்றும் இல்லை. மொத்தம் 0.34இல் ஃபியூஸ்கள் கணக்குக் காட்டியது 0.03 அளவுக்குத்தான்.

ஆல்டர்னேட்டரின் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஏசி அளவும் 0.03 வோல்ட்தான். தொட்டி விளக்குகள் அணைந்தே இருக்கின்றன.

கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிப் பாசிட்டிவ் முனையின் கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்ததில், சேசிஸ் ஓரமாகப் பின்னால் செல்லும் ஒரு சிவப்புக் கம்பியில் 0.29 ஆம்பியர் தெரிந்தது. அதன் நடுவே உள்ள 30 ஆம்பியர் ஃபியூஸின் தலையில் 0.5 மில்லி வோல்ட் வந்ததால் அளவு உறுதியானது. அந்தக் கம்பி பின் சக்கரத்துக்கு மேலுள்ள ஒரு ரிலேயில் நுழைந்து, அங்கிருந்து டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகிறது. டிரெய்லர் எதுவும் மாட்டப்படாத நிலையில் இவ்வளவு மின்சாரம் எங்கே செல்கிறது? ரிலே, சாக்கெட் இரண்டில் எதைக் குற்றவாளி என்று கொள்வது?

மின்னிழை எழுதியது:

இரண்டையும் சோதியுங்கள். தென்சரிவு சொன்ன கணக்குப்படி, ஒரு ரிலே சுருளுக்கு 0.29 அதிகம்; வேறொன்றும் உடன் இருக்கிறது. கிளாம்ப் மீட்டர் அந்தக் கம்பியில் இருக்கும்போதே முதலில் சாக்கெட்டுக்குச் செல்லும் கம்பியை ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து (மின்சாரம் வெளியேறும் முனை) எடுங்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் சாக்கெட் பக்கத்துக் கசிவு. அடுத்து ரிலேயைப் பிடுங்குங்கள். மிச்சம் போய்விட்டால் அது சுருள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ரிலேயை முதலில் பிடுங்கினால் சாக்கெட்டும் சேர்ந்து இறந்துவிடும், ரிலே மட்டுமே காரணம் என்று எண்ணிச் சாக்கெட்டை விட்டுவிடுவீர்கள்.

சுருள் இழுபட்டிருந்தால், சுருளுக்கு மின்சாரம் தரும் 86ஆம் முனைக்கு அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இத்தகைய ரிலே, இக்னிஷன் போட்டிருக்கும்போது மட்டுமே மூடும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நெடுவழி எழுதியது:

கிடைத்துவிட்டது. 87ஆம் முனையின் கம்பியை எடுத்ததும் 0.29 என்பது 0.15க்கு வந்தது. ரிலேயைப் பிடுங்கியதும் பூஜ்யம்.

ரிலே அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, இக்னிஷன் வழியாக வர வேண்டிய கம்பி கேபினுக்குப் போகும் வழியில் அறுந்திருந்தது. அதைத் தேடிச் சரிசெய்யாமல் யாரோ பேட்டரிக் கம்பி வந்து சேரும் 30ஆம் முனையிலிருந்து 86ஆம் முனைக்கு ஒரு குறுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதனால் ரிலே இரவும் பகலும் மூடியே இருந்திருக்கிறது, சாக்கெட்டின் முனைகளுக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சாக்கெட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரச் சேறு. சப்ளை முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே பச்சைக் களிம்பு பாலம்போல் படிந்திருந்தது. மீதமுள்ள 0.14 ஆம்பியர் அந்தக் களிம்பின் வழியாகத்தான் ஓடியிருக்கிறது. ரிலே இல்லாமல் மொத்த அளவு இப்போது 0.05 ஆம்பியர்.

பழைய உரிமையாளர் வண்டியை நாள்தோறும் ஓட்டியதால் ஆல்டர்னேட்டர் இழப்பை ஈடுசெய்துகொண்டே இருந்திருக்கும். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டிரெய்லர் எனக்குத் தேவைப்படும் என்பதால் இணைப்பை அப்படியே அகற்றிவிட விரும்பவில்லை. எப்படிச் சீராக்குவது?

தென்சரிவு எழுதியது:

நல்ல முடிவு. குறுக்குக் கம்பியை எடுத்துவிட்டு, 86ஆம் முனைக்கு இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு சுற்றிலிருந்து தனிச் சிறு ஃபியூஸோடு புதிய கம்பி இழுங்கள். சுருளின் மறுமுனையான 85ஆம் முனை எர்த்துக்குச் செல்கிறதா என்பதையும் சரிபாருங்கள். ரிலேயைச் சக்கரத்தின் மேலிருந்து பானட்டின் கீழ், பேட்டரிக்கு அருகில் மாற்றிவிட்டால் நீரும் சேறும் படாது. அதோடு, வண்டி நிற்கும்போது சேசிஸ் ஓரம் செல்லும் நீண்ட கம்பியில் மின்சாரமே இருக்காது. பிரதான ஃபியூஸ் பேட்டரி முனைக்கு மிக அருகில் இருக்கட்டும். கம்பி எங்காவது உராய்ந்து உடலில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

களிம்பு பிடித்த சாக்கெட்டைச் சுரண்டிப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். பின்னாலிருந்து வரும் கம்பிகளில் சில அங்குலத்தை வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான பகுதி வரும்வரை வெட்டிய பிறகே புதிய சாக்கெட்டை இணையுங்கள். மூடியின் ரப்பர் வளையம் சரியாக அமர வேண்டும், கம்பி நுழையும் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

செம்புக்கம்பி எழுதியது:

எஞ்சியுள்ள 0.05 ஆம்பியர் ஏற்கத்தக்க அளவுதான். இருப்பினும் வேலை முடிந்ததும் ஓர் இரவு முழுவதும் அளந்து பாருங்கள். மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவுகளைத் தானே பதிவுசெய்யும் வசதி உங்கள் மீட்டரில் இருந்தால் அதை இயக்கி, தொடரிலேயே விட்டுவிடலாம். உறங்கிய மாட்யூல் ஒன்று நள்ளிரவில் தானாக விழித்துக்கொண்டு இரண்டு மூன்று ஆம்பியர் எடுத்துவிட்டு மறுபடியும் அடங்குவதுண்டு. பகலில் ஒரு மணி நேரம் பார்ப்பவருக்கு அது அகப்படாது. ஓரிரு சிறு ஏற்றங்கள் இயல்பு. நெடுநேரம் நீடித்தாலோ அடிக்கடி வந்தாலோ இங்கே எழுதுங்கள், மேலும் தேடலாம். மறுபடியும் பேட்டரியைச் சார்ஜரில் போடும்போது, உங்கள் நெகட்டிவ் முனையில் பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்கும் உணரி பொருத்தப்பட்டிருந்தால் சார்ஜரின் நெகட்டிவ் பிடியைப் பேட்டரி முனையில் மாட்டாமல் வண்டியின் எர்த் புள்ளியில் மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே சென்ற சார்ஜை வண்டி சரியாகக் கணக்கில் கொள்ளும்.